மகள் வளர்கிறாள், அப்பா விலக வேண்டுமா?

9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு மகள்கள் உள்ள ஒரு தந்தை நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய மனைவி செவிலியர். வாரத்தில் 4 இரவுகள் அவருக்கு மருத்துவமனையில் பணி இருக்கிறது. இளையவள் பிறந்த சில மாதங்களிலிருந்தே, அந்த நாட்களில் பிள்ளைகளை உறங்க வைப்பதும், காலையில் எழுப்பிக் குளிக்க வைத்துப் பள்ளிக்குக் கிளப்புவதும் இவர் பொறுப்பாக இருந்து வருகின்றன. மூத்தவளுக்கு இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டதைக் கடிதத்தில் சற்றுப் பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறார். மூன்று மாதங்களுக்கு முன் அவர்களோடு தங்க வந்த அவருடைய தாயார், மூத்தவள் அப்பாவின் மடியில் சாய்ந்து புத்தகம் படிப்பதைப் பார்த்துவிட்டு, "ஒம்பது வயசுப் பொம்பளைப் பிள்ளைய இன்னும் என்ன மடியில வச்சுக்கிட்டு? தள்ளி இருக்கப் பழகு" என்று சொல்லியிருக்கிறார்.

"அன்றிலிருந்து நான் விலகத் தொடங்கினேன். 'இனி நீயே தலை சீவிக்கொள்' என்று சீப்பை அவள் கையில் கொடுத்துவிட்டேன். இரவில் கதை சொல்லும்போது கட்டிலில் உட்காராமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் பள்ளியில் நடந்ததைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். தங்கையிடம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். சென்ற வாரம் நள்ளிரவில் போர்வையைச் சரிசெய்யப் போனபோது, துவைப்பதற்காகப் போட்டிருந்த என் பழைய சட்டையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு தூங்குவதைப் பார்த்தேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை" என்கிறார் அவர்.

கடிதத்தில் அவர் கேட்டிருக்கும் கேள்விகள் இவை. பெண் குழந்தையிடமிருந்து தந்தை எந்த வயதில் விலக வேண்டும்? இளையவளைக் குளிப்பாட்டுவதை இப்போதே நிறுத்திவிட வேண்டுமா? மூத்தவள் பருவமடையும் காலத்தைப் பற்றி ஓர் ஆண் எப்படிப் பேசுவது? மனைவி வேலையை விடுவதோ, பாட்டி பிள்ளைகளின் பொறுப்பை முழுமையாக எடுத்துக்கொள்வதோ நல்லதா? கடைசியாக, ஒரு காலையில் பொறுமையிழந்து மூத்தவளைக் கடுமையாகத் திட்டிவிட்டதாகவும், அது மனத்தை அறுத்துக்கொண்டே இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விகளில் முதலாவதை வேறு விதமாக மாற்றிக் கேட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறேன். எந்த வயதில் விலக வேண்டும் என்று கேட்கிறீர்கள். விலக வேண்டிய வயது என்று ஒன்று கிடையாது. மகள் வளர வளர உங்கள் நெருக்கத்தின் வடிவம் மாறும், மாறவும் வேண்டும். குளிப்பாட்டிவிட்ட கை பிறகு துண்டை எடுத்துக் கொடுக்கும், அதன் பிறகு கதவுக்கு வெளியே நின்று "முடிச்சிட்டியாம்மா?" என்று கேட்கும். இந்த மாற்றம் குழந்தையின் வேகத்தில், அவளுக்குத் தெரிந்து, அவளுடைய சம்மதத்தோடு நடக்கும்போது அவள் அதை வளர்ச்சி என்று உணர்கிறாள். ஒரே நாளில், காரணம் சொல்லாமல் நடக்கும்போது அப்பா தன்னை ஒதுக்கிவிட்டார் என்றுதான் உணர்கிறாள். உங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது.

9 வயதுப் பிள்ளைக்கு உங்கள் தாயாரின் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கவலைகள் எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், நேற்றுவரை சடை பின்னிவிட்ட அப்பா இன்று சீப்பைக் கையில் கொடுத்துவிட்டார் என்பதுதான். பெரியவர்களின் நடத்தை திடீரென மாறும்போது இந்த வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் அதற்கான காரணத்தைத் தங்களிடமே தேடுகிறார்கள். 'நான் என்ன தப்பு செய்தேன்?' என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்கத் தைரியம் வராதபோது, அது தங்கையிடம் காட்டும் எரிச்சலாகவும், பள்ளிக் கதைகள் நின்றுபோவதாகவும் வெளிப்படும். அதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. தன் உடல் வளர்வதால்தான் அப்பா விலகினார் என்று அவள் புரிந்துகொண்டால், உடல் உண்மையிலேயே மாறத் தொடங்கும் நாளில் அந்த மாற்றத்தை அவள் ஒரு குற்றத்தைப் போல மறைக்கப் பார்ப்பாள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடமே சொல்ல மாட்டாள்.

அந்தச் சட்டையைப் பற்றி எழுதியபோது உங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்றீர்கள். அவள் தேடியது உங்கள் வாசனையை. அதில் நோயும் இல்லை, தவறான பழக்கமும் இல்லை. அம்மா பணிக்குப் போயிருக்கும் இரவில், அப்பாவும் நாற்காலி தூரத்துக்குப் போய்விட்டபோது, கைக்கு எட்டிய வழியில் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். அதைப் பற்றி அவளிடம் கேள்வி கேட்காதீர்கள், கேலியும் வேண்டாம்.

உங்கள் தாயாரை நான் குறை சொல்லவில்லை. பேத்தியின் பாதுகாப்பைப் பற்றிய அக்கறை அவர் பேச்சில் இருக்கிறது. அவர் வளர்ந்த காலத்தில் அந்த அக்கறையை வெளிப்படுத்தத் தெரிந்த ஒரே வழி, ஆண்களைத் தள்ளி நிறுத்துவதாக இருந்திருக்கலாம். ஆனால் பெண் பிள்ளை வளர்ப்பு பெண்களின் வேலை, தந்தை வெளியிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியவர் என்ற எண்ணத்துக்கு ஆதாரமில்லை. மைக்கேல் லாம்ப் என்னும் உளவியலாளர் 1970களில் வீடுகளுக்கே சென்று கைக்குழந்தைகளைக் கவனித்தபோது, அவர்கள் தாயிடம் மட்டுமின்றித் தந்தையிடமும் அதே காலகட்டத்தில் பற்றுக் கொள்வதைக் கண்டார். உங்கள் வீட்டில் அந்தப் பற்று ஆண்டுக்கணக்கான இரவுகளாலும் காலைகளாலும் உறுதிப்பட்டிருக்கிறது. "தாயின் இடத்தை என்னால் நிரப்ப முடியாதே" என்று கடிதத்தில் வருந்தியிருக்கிறீர்கள். தாயின் இடம் காலியாக இல்லை. உங்கள் மனைவி அதில் இருக்கிறார். நீங்கள் இருக்க வேண்டியது உங்கள் இடத்தில். இந்த மூன்று மாதங்களாகக் காலியாகிக்கொண்டிருப்பது அந்த இடம்தான்.

உரிமை என்ற கோணத்திலிருந்தும் ஒரு சொல். 1989இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 18ஆம் பிரிவு, குழந்தையை வளர்க்கும் பொறுப்பு தாய், தந்தை இருவருக்கும் பொதுவானது என்கிறது. அதே உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் உங்கள் குழப்பத்துக்குப் பாதி விடை கிடைத்துவிடும். உடனிருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு; தன் உடலுக்கு எவ்வளவு தனிமை வேண்டும் என்பதில் முதற்குரல் மகளுடையது.

குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது

இளையவளிலிருந்து தொடங்குகிறேன். 5 வயதுக் குழந்தைக்குக் குளியலில் பெரியவரின் துணை தேவை. தண்ணீரின் சூட்டைப் பார்க்கவும், வழுக்கிவிடாமல் கவனிக்கவும், தலைமுடியில் நுரை தங்காமல் அலசிவிடவும் யாராவது ஒருவர் அருகில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் தந்தையாக இருப்பதில் தவறேதும் இல்லை. அதை நிறுத்தாதீர்கள்; செய்யும் முறையை மட்டும் மெல்ல மாற்றுங்கள். கை, கால், வயிறு ஆகியவற்றை அவளே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொள்ளட்டும். அந்தரங்க உறுப்புகளை அவளே கழுவிக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள். அந்தப் பகுதிக்குத் தண்ணீர் போதும், நுரை வரும் சோப்பு எரிச்சலை உண்டாக்கும் என்றும், மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்கவோ கழுவவோ வேண்டும் என்றும் சொல்லிக்கொடுங்கள். மலக்கிருமிகள் சிறுநீர்ப் பாதைக்குப் போகாமல் இருக்க இந்த ஒரு பழக்கம் பெரிதும் உதவும். பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு தந்தையும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. எத்தனையோ தந்தையர் கூச்சத்தால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே இல்லை.

மூத்தவள் பெரும்பாலும் தானே குளிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 9 வயதில் அதுதான் இயல்பு. அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்ளவும், உடை மாற்றும்போது அறையில் தனியாக இருக்கவும் விரும்பினால் அந்த விருப்பத்தை முழுமையாக மதியுங்கள். கதவைத் தட்டி, பதில் வந்த பிறகே உள்ளே போகும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் பொதுவானதாக இருக்கட்டும். பாட்டியும் தட்டட்டும், தங்கையும் தட்டட்டும், அம்மாவும் தட்டட்டும். அப்பாவுக்கு மட்டும் என்று போடப்படும் விதி, அப்பாவிடம்தான் ஏதோ ஆபத்து இருக்கிறது என்ற தவறான செய்தியைப் பிள்ளைக்குச் சொல்லிவிடும்.

சடை பின்னுவதையும், மடியில் சாய்ந்து படிப்பதையும், நெற்றியில் முத்தமிடுவதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை உடல் பராமரிப்பைச் சேர்ந்தவை அல்ல, உறவைச் சேர்ந்தவை. அவற்றை எப்போது நிறுத்துவது என்பதை அவளே தீர்மானிப்பாள். ஒருநாள் தோழிகள் முன்னால் உங்கள் கையை விடுவித்துக்கொள்வாள். அன்று சற்று வலிக்கும். அதைக் காட்டிக்கொள்ளாமல் கையை எடுத்துக்கொள்வதுதான் அன்று நீங்கள் செய்ய வேண்டியது. மறுநாளே தூக்கக் கலக்கத்தில் வந்து தோளில் சாய்ந்தாலும் வியப்படையாதீர்கள். அந்த வயது அப்படித்தான் போய்ப் போய்த் திரும்பும்.

தொடுதல் பற்றிய பாடமும் உங்கள் அச்சமும்

பள்ளியில் நல்ல தொடுதல், தவறான தொடுதல் பற்றிப் பாடம் நடத்தியதிலிருந்து, இளையவள் ஏதேனும் சொல்லித் தாம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு விடுவோமோ என்று அஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த அச்சத்தை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. பல தந்தையர் இதை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, காரணம் சொல்லாமல் பிள்ளைகளைத் தூர வைக்கிறார்கள். அப்படித் தூர வைப்பது பிள்ளையைக் காப்பாற்றுவதில்லை. குழந்தைகளைத் தவறாக நடத்துபவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்கள். அத்தகையவர்கள் நம்புவது குழந்தையின் மௌனத்தை. எதையும் வீட்டில் சொல்லலாம் என்று உறுதியாக நம்பும் குழந்தையின் மௌனத்தை வாங்குவது கடினம். அந்த நம்பிக்கையை வளர்க்கும் இருவரில் நீங்கள் ஒருவர்.

எனவே அந்தப் பாடத்துக்கு அஞ்சாமல், வீட்டில் அதை நீங்களே தொடருங்கள். உடல் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் உரிய பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். செல்லப் பெயர்கள் மட்டுமே தெரிந்த குழந்தையால் தனக்கு நேர்ந்ததைத் தெளிவாகச் சொல்ல முடியாமல் போகலாம். "தலை அலசிவிடட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவள் "வேண்டாம்பா, கிச்சுக்கிச்சு மூட்டாதீங்க" என்று சொன்னால், சிரித்துக்கொண்டே சொன்னாலும்கூட, அந்த நொடியிலேயே நிறுத்திவிடுங்கள். தான் சொன்னால் பெரியவர் நிறுத்துவார் என்பதை அவள் முதலில் உங்களிடம்தான் கற்க வேண்டும். உறவினர் யாரையாவது கட்டியணைக்கவோ முத்தமிடவோ அவள் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். கைகூப்பி வணங்கினாலே மரியாதை நிறைந்துவிடும். ரகசியம் பற்றியும் ஒரு விதி சொல்லிவையுங்கள்: பிறந்தநாள் பரிசைப் போலப் பிறகு எல்லோருக்கும் தெரியப்போகிற ரகசியத்தைக் காப்பாற்றலாம், 'அப்பா அம்மாகிட்ட சொல்லக் கூடாது' என்று யார் சொன்னாலும், அதை அன்றே வந்து சொல்ல வேண்டும். அந்த 'யார்' என்பதில் வீட்டுப் பெரியவர்கள் அனைவரும் அடக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பருவமடைதலைப் பற்றி அப்பா பேசலாமா?

பேசலாம், உங்கள் வீட்டில் பேசியே ஆக வேண்டும். வாரத்தில் 4 இரவுகள் மனைவி வீட்டில் இருப்பதில்லை. மூத்தவளுக்கு முதல் மாதவிடாய் உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒரு காலையில் வர எல்லா வாய்ப்பும் உண்டு. அப்போது அவள் உங்களிடம் சொல்லத் தயங்கி, பயத்தோடு குளியலறையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. 'அதற்கு இன்னும் காலம் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பெண் குழந்தைகளுக்குப் பருவ மாற்றங்கள் பொதுவாக 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் தொடங்குகின்றன. உங்கள் மகள் அந்த வயதுக்குள் வந்துவிட்டாள்.

முதலில் தெரியும் மாற்றம் பெரும்பாலும் மார்புக் காம்பின் அடியில் தோன்றும் சிறு கட்டி. தொட்டால் வலிக்கும், ஒரு பக்கத்தில் மட்டும் முதலில் தோன்றுவதும் உண்டு. முன்கூட்டியே தெரியாத பிள்ளைகள் அதை நோய் என்று எண்ணி நடுங்கிப்போகிறார்கள். தெரியாத பெற்றோரும் பதறுகிறார்கள். மார்பு வளரத் தொடங்கிச் சுமார் 2 அல்லது இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு முதல் மாதவிடாய் வருவது வழக்கம். அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே உள்ளாடையில் வெள்ளைக் கசிவு தெரியலாம். முதல் ஓரிரண்டு ஆண்டுகள் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவதும் இயல்பே. 8 வயதுக்கு முன்பே மாற்றங்கள் தொடங்கினாலும், 13 வயதாகியும் எந்த மாற்றமும் தெரியாவிட்டாலும், 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்தப் பேச்சை ஒரே நாளில் உட்காரவைத்து நடத்தும் வகுப்பாக ஆக்கிவிடாதீர்கள். முதலில் மனைவியோடு பேசி, இருவரும் ஒரே சொற்களைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் உரையாடலை அவர் தொடங்குவது மகளுக்கு எளிதாக இருக்குமென்றால் அவரே தொடங்கட்டும், ஆனால் அந்தப் பேச்சின் முடிவில், "இதெல்லாம் அப்பாவுக்கும் தெரியும். நான் இல்லாத நேரத்துல வந்தா அப்பாகிட்ட சொல்லு, அப்பா பாத்துப்பாரு" என்ற ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். அதுதான் மகளுக்குக் கிடைக்கும் அனுமதி. சில நாள் கழித்து நீங்கள் உங்கள் பங்குக்குப் பேசுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதைவிட, துணி மடிக்கும்போதோ சேர்ந்து நடக்கும்போதோ பேசுவது இருவருக்குமே எளிது. "கர்ப்பப்பைக்குள்ள ஒவ்வொரு மாசமும் ஒரு மெல்லிய படலம் வளரும். அது தேவையில்லாதப்போ கரைஞ்சு ரத்தத்தோட வெளிய வரும். அடிபட்டு வர்ற ரத்தம் இல்ல, பயப்பட வேண்டாம்" என்ற அளவுக்கு முதல் முறை போதும். அவள் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததைக் கேட்டால், "தெரிஞ்சுக்கிட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி, மறுநாள் மறக்காமல் சொல்லுங்கள்.

அதோடு ஒரு சிறு வேலை. நாப்கின்கள் சில, மாற்று உள்ளாடை ஒன்று, உறை ஒன்று ஆகியவற்றை ஒரு சிறிய பையில் போட்டு, அது இருக்கும் இடத்தை மூத்தவளுக்குக் காட்டுங்கள். பள்ளிப் பைக்குள் வைக்க இன்னொரு பையும் வேண்டும். நாப்கினின் பின்புறத்தாளை உரித்து உள்ளாடையில் எப்படி ஒட்டுவது, இறக்கை போன்ற மடிப்புகளை எந்தப் பக்கம் மடிப்பது என்பதை, மகளிடம் காட்டுவதற்கு முன் நீங்களே ஒருமுறை ஒரு புதிய உள்ளாடையில் செய்து பாருங்கள். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்ட கைகளுக்கு இது கடினமான வேலை இல்லை.

மனைவியின் வேலை, பாட்டியின் பொறுப்பு

மனைவி வேலையை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டில் பேச்சு எழுந்திருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்த முடிவை உங்கள் மனைவி தம் உடல்நலத்துக்காகவோ, விருப்பத்துக்காகவோ எடுத்தால் அது வேறு. நீங்கள் பெண் பிள்ளைகளை வளர்க்கத் தகுதியற்றவர் என்ற ஊகத்தின்மேல் எடுத்தால், இல்லாத சிக்கலுக்கு மிகப் பெரிய விலை கொடுத்தவர்கள் ஆவீர்கள். குடும்பத்தின் வருமானம் குறையும். மனைவி பல ஆண்டுகள் உழைத்துப் பெற்ற தொழில் பின்னடையும். இவற்றுக்கும் மேலாக, அம்மா வேலையை விட்டதற்குத் தாங்கள் பெண்ணாகப் பிறந்ததுதான் காரணம் என்று இரண்டு சிறுமிகளும் புரிந்துகொள்ளக்கூடும். முடியுமானால் இரவுப் பணிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் கேட்கலாமா என்று பேசிப்பாருங்கள். அது அவருடைய உறக்கத்துக்கும் நல்லது. அந்தப் பேச்சில் முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

பாட்டி வீட்டில் இருப்பது பிள்ளைகளுக்குக் கிடைத்த கொடை. அவர் உதவட்டும், உங்கள் இடத்தில் வந்து அமர வேண்டாம். அவரிடம் தனியாக, பிள்ளைகள் காதில் விழாத நேரத்தில் பேசுங்கள். "நீங்க சொன்னதுல இருக்கிற அக்கறை எனக்குப் புரியுதும்மா. கதவு தட்டுறது, பிள்ளைகளைக் கேட்டுட்டுத் தொடுறது, இதையெல்லாம் வீட்டுல எல்லாரும் கடைப்பிடிக்கப் போறோம். ஆனா பிள்ளை என்கிட்ட வர்றதைத் தடுக்காதீங்க. அவ முன்னாடி இப்படிப் பேசாதீங்க" என்ற அளவில் சொல்லலாம். முதல் முறையே அவர் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். விவாதித்து வெல்ல முயல வேண்டாம்; அவர் மனம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருங்கள்.

அந்தக் காலை

பள்ளி வாகனம் வந்து நின்றபிறகும் மூத்தவள் ஒரு கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததாகவும், அவளைத் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தியதாகவும், வாகனத்தில் ஏறும்வரை அவள் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கத்தியதைக்கூட விட்டுவிடலாம், உலுக்கியதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோபத்தில் கை பிள்ளைமேல் போவது இனி நடக்கக் கூடாது. பொறுமை கழன்றுபோவது தெரிந்தவுடனே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். வாகனம் போனால் போகட்டும்.

ஆனால் அந்த ஒரு காலை உங்கள் உறவை முறித்துவிட்டது என்று எண்ணி உழல வேண்டாம். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் பிசகுகள் நேராத வீடு எங்குமில்லை. பிசகிய பிறகு சரிசெய்கிறார்களா என்பதே பிள்ளையின் மனத்தில் தங்குகிறது. நீங்கள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். "அன்னைக்கு உன்னை உலுக்கினது என் தப்பு. நீ செருப்பைத் தேடினதுக்கு நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். அதன்பின் 'ஆனால் நீயும்...' என்று தொடங்கும் வாக்கியம் எதையும் சேர்க்காதீர்கள். அந்த 'ஆனால்' முன்னால் சொன்ன மன்னிப்பை அழித்துவிடும்.

காலைப் பரபரப்பின் வேர் பெரும்பாலும் முந்தைய இரவில் இருக்கிறது. உங்கள் மூத்தவளின் வயதுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும். இளையவளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். இரவு பத்தரை மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இருவருமே தூக்கக் குறையோடுதான் காலையைத் தொடங்குகிறார்கள். படுக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னால் கொண்டுவாருங்கள். செருப்பையும் பைகளையும் இரவே வாசல் பக்கம் எடுத்து வைப்பது இளையவளின் பொறுப்பாக இருக்கட்டும். 5 வயதுப் பிள்ளைகள் இத்தகைய வேலையை மிகவும் விரும்பிச் செய்வார்கள்.

எப்போது நேரில் உதவி நாட வேண்டும்

நீங்கள் மீண்டும் நெருங்கிய பிறகு, சில வாரங்களில் மூத்தவள் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்குவாள் என்று எதிர்பார்க்கிறேன். அவ்வாறின்றி, உறக்கமோ பசியோ தொடர்ந்து குறைந்தாலும், பள்ளிக்குப் போக மறுத்தாலும், நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்கினாலும், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு அஞ்சி ஒளிந்தாலும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதைப் பற்றிப் பேசினாலும், காத்திருக்காமல் குழந்தை நல மருத்துவரையோ குழந்தைகள் மனநல ஆலோசகரையோ பாருங்கள். இந்த மூன்று மாத மௌனத்துக்கு உங்கள் விலகல் ஒன்றே காரணம் என்று நான் எழுதியிருப்பது உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து. பள்ளியிலோ வேறிடத்திலோ ஏதேனும் நடந்திருக்கவும் கூடும். அவள் பேசத் தொடங்கும்போது, உங்கள் ஊகத்தை அவள் வாயில் திணிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய முடியாது. முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். இன்றிரவு மனைவி பணிக்குக் கிளம்பியதும் அந்த நாற்காலியை அதன் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்காருங்கள். "மூணு மாசமா அப்பா கொஞ்சம் தள்ளி இருந்துட்டேன். நீ எதுவும் தப்புப் பண்ணல. அப்பாதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்று சொல்லுங்கள். அவள் உடனே பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டால் வருந்தாதீர்கள். எழுந்து போய்விடவும் செய்யாதீர்கள். காலையில் சீப்பையும் இரண்டு ரப்பர் பேண்டுகளையும் எடுத்து வைத்துவிட்டு, பின்னிவிடட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் மறுநாளும் கேளுங்கள்.